சொல்லாம இருந்தா போதும்!

நம்ம வீட்டுப் பிள்ளை "நான் போதகராகப் போறேன்"னு சொன்னாலே கொஞ்ச நேரம் யாரும் பேச மாட்டோம். கிறிஸ்தவக் குடும்பமா இருந்தாலும், "முதல்ல ஒரு டிகிரி முடி, அப்புறம் பார்க்கலாம்" என்பதுதான் பதில். அந்தப் பிள்ளை தன்பாலீர்ப்பு உள்ளவளாகவும் இருந்தால் வீட்டில் என்ன நடக்கும்? இந்த முறை அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கைப் பார்ப்போம்.

பெத் ஸ்ட்ரவுட் பிலடெல்பியாவின் ஜெர்மன்டவுன் பகுதியில் ஒரு மெதடிஸ்ட் தேவாலயத்தில் உதவிப் போதகர். 2003-ல் ஒரு ஞாயிறு பிரசங்கத்தில், தான் ஒரு பெண்ணோடு சேர்ந்து வாழ்வதைச் சபையாரிடம் சொன்னார். பதவி போகலாம் என்று தெரிந்தேதான் சொன்னார்.

யுனைடெட் மெதடிஸ்ட் திருச்சபையில் 1984-லிருந்து ஒரு விதி இருந்தது. தன்பாலின உறவில் வாழ்வதாக 'தாமே ஒப்புக்கொள்பவர்' போதகராக முடியாது. அந்த 'தாமே ஒப்புக்கொள்பவர்' என்ற சொல்லைக் கொஞ்சம் கவனியுங்க. வாயை மூடிக்கொண்டிருந்தால் வேலை தொடரலாம், உண்மையைச் சொன்னால் வழக்கு.

2004 டிசம்பரில் திருச்சபை விசாரணை. 13 போதகர்கள் கொண்ட குழுவில் 7 பேர் பட்டத்தைப் பறிக்கச் சொன்னார்கள், 6 பேர் வேண்டாம் என்றார்கள். ஒரே ஒரு ஓட்டு வித்தியாசம். ஜெர்மன்டவுன் சபையார் அவரை விடவில்லை. பட்டம் இல்லாத ஊழியராக வேலையில் வைத்துக்கொண்டார்கள். அவருடைய பிரசங்கத்தைக் கேட்டுப் பழகிய மக்களுக்கு அவர் அழைப்பில் சந்தேகம் வரவில்லை. பிறகு அவர் முனைவர் பட்டம் வாங்கி, பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தப் போனார்.

2024 மே மாதம் அந்தத் தடையை நீக்க 692 பேர் ஓட்டுப் போட்டார்கள், எதிர்த்தவர்கள் 51 பேர். அதற்கு முன்பே, இந்தச் சண்டையால் அமெரிக்காவில் 7,600-க்கும் மேற்பட்ட சபைகள் பிரிந்து போயிருந்தன. வேதம் இதை அனுமதிக்கவில்லை என்று மனதார நம்பியவர்கள் அவர்களில் நிறைய பேர். அதே மாதம் ஸ்ட்ரவுட்டுக்குப் பட்டம் திரும்பக் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 54. நடுவில் போன கிட்டத்தட்ட 20 வருஷத்தை யாராலும் திருப்பித் தர முடியாது.

கனடாவில் இருக்கிறவங்களுக்கு ஒரு தகவல். அங்கே யுனைடெட் சர்ச் 1988-லேயே, பாலீர்ப்பு குருப்பட்டத்துக்குத் தடை இல்லை என்று முடிவு செய்துவிட்டது.

நாம எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் இந்தக் கதை நம்ம வீட்டையும் தொடும். "எங்களுக்குத் தெரிஞ்சா போதும், வெளிய சொல்லாதே" என்று நம்ம அப்பா அம்மா எத்தனையோ விஷயங்களுக்குச் சொல்லியிருக்காங்க. அன்பாகத்தான் சொன்னாங்க. ஆனா அந்த 1984 விதி கேட்டதும் அதேதான். பிள்ளைக்கு அது கேட்பது வேற மாதிரி: 'பொய்யா இரு, அப்போ உனக்கு இடம் உண்டு.'

நாளைக்கு நம்ம பிள்ளை இப்படி ஒரு விஷயத்தோடு வந்தா, "வேற யாருக்குத் தெரியும்?" என்ற கேள்வி முதலில் வர வேண்டாம். "இதை எத்தனை நாளா மனசுலயே வச்சிருந்தே, கண்ணா?" என்று கேட்டுப் பாருங்க. சாமி மேலயும் கோயில் மேலயும் ஆசை இருக்குன்னு சொன்னா, அதையும் உட்கார்ந்து கேளுங்க. கோயில் கதவைத் திறக்குமா என்பது நம்ம கையில இல்லை. வீட்டுக் கதவு நம்ம கையிலதான் இருக்கு.