முதல் ஏர்கன்: வேகம் முக்கியமா, குறி முக்கியமா?

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் வெண்கலம் வென்றார். இரண்டே நாளில் சரப்ஜோத் சிங்குடன் சேர்ந்து கலப்பு அணிப் பிரிவிலும் இன்னொரு வெண்கலம். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவனும் அதே ஒலிம்பிக்கில் ஏர் ரைபிளுடன் களத்தில் நின்றார். இதையெல்லாம் டி.வி-யில் பார்த்த பிள்ளைகள் பலர், “எனக்கும் ஒரு ஏர்கன் வேணும்” என்று கேட்கிறார்கள். பெற்றோர் போனை எடுத்துத் தேடினால் முதலில் கண்ணில் படுவது, சினிமா ஹீரோ கையில் இருப்பதைப் போன்ற கறுப்பு பிஸ்டல்தான். ‘செமி ஆட்டோமேட்டிக்’, ‘பட்ஜெட் விலை’, ‘நொடிக்கு இத்தனை அடி வேகம்’ என்று அதற்கு விளம்பரம் வேறு!

கையில் இருக்கும் சில ஆயிரத்தை அதில் போடலாமா? அதற்கு முன் கொஞ்சம் விஷயம் தெரிந்துகொள்வது நல்லது. இது பொம்மை அல்ல. தவறான கையில் ஒரு கண்ணையே பறித்துவிடக்கூடிய பொருள்.

செமி ஆட்டோமேட்டிக் என்றால் என்ன?

ஒவ்வொரு முறை டிரிகரை அழுத்தும்போதும் ஒரு குண்டு. நடுவில் கையால் எதையும் லோடு செய்யத் தேவையில்லை. ஏர்கன்களில் இந்த வசதி விலை குறைவாகக் கிடைப்பது பெரும்பாலும் கார்பன் டை ஆக்ஸைடு பிஸ்டல்களில்தான். கட்டைவிரல் அளவிலான 12 கிராம் வாயு கேப்சூல் ஒன்றைக் கைப்பிடிக்குள் பொருத்தினால், மாடலைப் பொறுத்து 40 முதல் 60 முறை சுடலாம்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ‘செமி ஆட்டோ’ என்று விற்கப்படும் பெல்லட் பிஸ்டல்கள் பலவற்றில், குண்டுகள் இருக்கும் வட்டைச் சுழற்றுவதே நம் விரல்தான். டிரிகரை இழுக்கும் விசையில்தான் வட்டு சுழல்கிறது. அதனால் டிரிகர் கனமாக இருக்கும், நீளமாகவும் இழுக்க வேண்டும். போட்டிகளுக்கான ஏர் பிஸ்டலில் டிரிகர் எடை 500 கிராம் இருந்தாலே போதும். விலை குறைந்த செமி ஆட்டோவில் அதைவிடப் பல மடங்கு விசை தேவைப்படும். இழுக்கும்போதே கை ஆடும், குறியும் விலகும். புதிதாகக் கற்பவருக்குத் தவறு தன்னுடையதா, துப்பாக்கியுடையதா என்றே புரியாது.

நம் ஊர் வெயிலும் இதில் விளையாடும். வாயுவின் அழுத்தம் வெப்பத்தோடு ஏறும். தொடர்ந்து படபடவென்று சுட்டால் வாயு குளிர்ந்து அழுத்தம் இறங்கும். அதனால் முதல் குண்டின் வேகம் பத்தாவது குண்டுக்கு இருக்காது. வெயிலில் நிறுத்திய காருக்குள் இந்த கேப்சூல்களை விட்டு வைப்பது ஆபத்து.

போட்டியில் இதற்கு இடம் உண்டா?

10 மீட்டர் ஏர் பிஸ்டல், ஏர் ரைபிள் போட்டிகளில் ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு பெல்லட்டைத்தான் கையால் வைக்க வேண்டும். தகுதிச் சுற்றில் 75 நிமிடத்துக்குள் 60 குண்டுகள். அதாவது, ஒரு குண்டுக்குச் சராசரியாக ஒன்றேகால் நிமிடம். ரைபிள் இலக்கில் 10 புள்ளிக்கான இடம் வெறும் அரை மில்லிமீட்டர் புள்ளி! பாய்ந்து வரும் பெல்லட்டோ 4.5 மில்லிமீட்டர். பிஸ்டலுக்கு அந்த வட்டம் 11.5 மில்லிமீட்டர்.

ஒரு குண்டு போடுவது, மூச்சை நிதானப்படுத்துவது, சுடுவது, எங்கே பட்டது என்று பார்ப்பது, ஏன் அங்கே பட்டது என்று யோசிப்பது... கற்றல் நடப்பதே இந்த இடைவெளியில்தான். செமி ஆட்டோமேட்டிக் முதலில் பறிப்பது இந்த இடைவெளியைத்தான். பத்து நொடியில் எட்டுக் குண்டு சுட்ட பையனுக்குச் சத்தம் நினைவிருக்கும். எந்தக் குண்டு ஏன் விலகியது என்பது நினைவிருக்காது.

வேறு என்ன வகைகள் உண்டு?

ஸ்பிரிங் ரைபிள்: குழலை மடக்கினால் உள்ளே ஸ்பிரிங் அழுந்தும், ஒரு பெல்லட் வைத்துச் சுட வேண்டும். வாயு, பம்ப் எதுவும் தேவையில்லை. விலையும் குறைவு. சுடும்போது முன்னும் பின்னும் உதறும் என்பதால் பிடிப்பில் ஒழுங்கு வேண்டும். பெல்லட் இல்லாமல் சும்மா சுட்டால் உள்பாகம் சேதமாகும்.

ஒரு முறை பம்ப் செய்யும் வகை: பக்கவாட்டிலோ மேலேயோ இருக்கும் லீவரை ஒரு தடவை இழுத்து மூடினால் காற்று அடைபடும். ஒவ்வொரு குண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே அழுத்தம் கிடைக்கும், உதறலும் குறைவு. வாயுச் செலவில்லை. பிஸ்டல் கற்க விரும்புவோருக்கு நல்ல தொடக்கம்.

பி.சி.பி: சிலிண்டரில் முன்கூட்டியே சுமார் 200 பார் அழுத்தத்துக்குக் காற்றை நிரப்பிவைக்கும் வகை. இன்றைய ஒலிம்பிக் துப்பாக்கிகள் எல்லாம் இதுதான். வெளிநாட்டுப் போட்டி மாடல்களின் விலை லட்சத்தைத் தாண்டும். காற்று நிரப்பத் தனி பம்ப்போ, பெரிய சிலிண்டரோ தேவை. அந்தச் செலவையும் பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

‘பவர்’ மோகம் வேண்டாம்

இந்தியாவில் 2016 ஆயுத விதிகளின்படி, 4.5 மில்லிமீட்டர் குழலும் 20 ஜூலுக்கு உட்பட்ட ஆற்றலும் கொண்ட ஏர்கன்களுக்கு லைசென்ஸ் தேவையில்லை. அதைத் தாண்டினால் லைசென்ஸ் கட்டாயம்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. போட்டிகளில் பயன்படும் பெல்லட்டின் எடை சுமார் 0.53 கிராம். அது நொடிக்கு 1,000 அடி வேகத்தில் பறந்தால் ஆற்றல் கிட்டத்தட்ட 25 ஜூல். அதாவது, லைசென்ஸ் எல்லையைத் தாண்டிவிடும்! விளம்பரத்தில் வரும் பெரிய வேக எண்கள் பெரும்பாலும் எடை குறைந்த பெல்லட்டை வைத்துச் சொல்லப்படுபவை. ஒலிம்பிக் ரைபிளின் ஆற்றலோ சுமார் 7.5 ஜூல்தான். 10 மீட்டரில் இருக்கும் காகிதத்தைத் துளைக்க அது தாராளம். எனவே, கடைக்காரர் வேகத்தைப் பற்றிப் பேசினால், ‘ஆற்றல் எத்தனை ஜூல்?’ என்று கேளுங்கள். அந்த எண் எழுதப்பட்ட பில்லையும் ஆவணங்களையும் பத்திரமாக வைத்திருங்கள். சிறுவர்களுக்காக வாங்கினாலும் பெரியவர் பெயரில், அடையாள அட்டை காட்டியே வாங்குவது முறை.

செமி ஆட்டோதான் வேண்டும் என்பவர்களுக்கு...

போட்டிக்கு அல்ல, ஓய்வு நேரப் பொழுதுபோக்குக்கு என்று வாங்கும் பெரியவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் கவனிக்க வேண்டியவை சில:

இரும்பு உருண்டைகளைச் சுடும் பிபி மாடலைத் தவிர்த்து, ஈய பெல்லட் சுடும் மாடலைத் தேர்ந்தெடுப்பது நல்லது. பிபி துப்பாக்கியின் குழல் பொதுவாக உள்ளே வழவழப்பாக இருக்கும். குறி துல்லியமாக அமையாது. தவிர, இரும்பு உருண்டை கடினமான பரப்பில் பட்டால் சுட்டவரின் முகத்துக்கே திரும்பி வரும். பெல்லட் மாடலில் குழலுக்குள் சுருள் வரிகள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

பின்பக்க சுத்தியலைக் கட்டைவிரலால் இழுத்துவைத்துச் சுடும் வசதி இருக்கிறதா? இருந்தால் டிரிகர் இலகுவாகும்; நிதானமாகவும் பழகலாம். பின் குறியைத் திருப்பிச் சரிசெய்ய முடிகிறதா, வாயு கேப்சூல் உள்ளூரில் தடையின்றிக் கிடைக்கிறதா, வாஷர் தேய்ந்தால் மாற்ற ஆள் இருக்கிறாரா என்பதையும் கேட்க வேண்டும். கேப்சூலும் பெல்லட்டும் மாதாமாதம் வரும் செலவு. சில மாதங்களிலேயே அது துப்பாக்கியின் விலையை எட்டிவிடக்கூடும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது தோற்றம். அசல் கைத்துப்பாக்கி போலவே இருக்கும் ஒன்றைப் பொது இடத்தில் கையில் எடுத்தால், எதிரே நிற்பவருக்கும் போலீஸுக்கும் அது ஏர்கன் என்று தெரியாது. ரீல்ஸுக்காக அதை ஆட்டிக்காட்டுவது வழக்கில் கொண்டுபோய் விடலாம். அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டித்தான் எடுத்துச் செல்ல வேண்டும்.

கண்ணுக்கு மாற்று கிடையாது

சுடுபவரும் அருகில் நிற்பவரும் பாதுகாப்புக் கண்ணாடி அணிய வேண்டும். குண்டு இல்லை என்று தெரிந்தாலும் குழலை யார் பக்கமும் நீட்டக் கூடாது. சுடும் நொடி வரை விரல் டிரிகருக்கு வெளியே இருக்க வேண்டும். இலக்குக்குப் பின்னால் பெல்லட்டை முழுதாகத் தடுக்கும் தடுப்பு கட்டாயம். மொட்டை மாடியில் குறி தவறினால் பெல்லட் பல வீடுகளைத் தாண்டிப் போகும். பெல்லட் ஈயத்தால் ஆனது என்பதால் சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே சாப்பிட வேண்டும். வேலை முடிந்தால் துப்பாக்கி ஒரு பூட்டுக்குள், பெல்லட் இன்னொரு பூட்டுக்குள்.

பறவைகள், அணில்கள் மீது ‘குறி பழகுவது’ அறவே கூடாது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் சிக்கினால் சிறைத் தண்டனை வரை போகும்.

பணத்தை எந்த வரிசையில் செலவிடலாம்?

முதலில் ரைபிள் கிளப். பயிற்சியாளரின் கண் முன்னே, அங்கே இருக்கும் துப்பாக்கியிலேயே சில மாதங்கள் பழகட்டும். பிள்ளைக்கு வருவது ரைபிளா, பிஸ்டலா என்பது அதற்குள் தெரிந்துவிடும். ரைபிளின் எடை 5.5 கிலோ வரை இருக்கும். வளரும் உடம்பு அதைத் தாங்குமா என்பதும் புரியும். ஆர்வம் மூன்றே வாரத்தில் வடிந்துவிட்டால் நஷ்டம் கிளப் கட்டணத்தோடு போகும்.

ஆர்வம் நிலைத்தால் அடுத்து ஒற்றைக் குண்டுத் துப்பாக்கி. கிளப்பில் சீனியர்கள் விற்கும் பழைய போட்டித் துப்பாக்கி கிடைத்தால் இன்னும் நல்லது. ஆனால், பி.சி.பி என்றால் காற்று சிலிண்டரில் பொறித்திருக்கும் தேதியைப் பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம். சர்வதேச விதிப்படி சிலிண்டரின் ஆயுள் அதிகபட்சம் 10 ஆண்டுகள். துப்பாக்கி புதுசு போலப் பளபளத்தாலும் சிலிண்டர் காலாவதியாகியிருந்தால் புதிதாக வாங்கும் செலவு நம் தலையில்தான்.

2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் மனு பாக்கரின் பிஸ்டல் பாதியில் பழுதானது. பொன்னான நிமிடங்களை இழந்து இறுதிச்சுற்றைத் தவறவிட்டார். உலகத்தரமான துப்பாக்கியும் கைவிடும் நாள் உண்டு. மூன்று ஆண்டு கழித்துப் பாரிஸில் அவர் மேடை ஏறியதற்குப் பின்னால் இருந்தது பயிற்சி, பொறுமை. இவை இரண்டும் எந்தக் கடையிலும் கிடைக்காது. ஆனால், ஒவ்வொரு பெல்லட்டாகக் கையால் வைத்துச் சுடும் எளிய துப்பாக்கியில் இவற்றைப் பழகிக்கொள்ளலாம்!