சிலோன் டீயின் பேரும் நம்முடைய அரைப்பேரும்



வெளிநாட்டுக்குப் போகும் தேயிலைப் பெட்டிகள் பலவற்றில் வாள் ஏந்திய சிங்கம் நிற்கும். அது இலங்கைத் தேயிலைச் சபைக்குச் சொந்தமான வர்த்தகக் குறி. உள்ளே இருப்பது முழுவதும் இலங்கைத் தேயிலையாக இருக்க வேண்டும். இலங்கையிலேயே பொதி செய்திருக்க வேண்டும். சபை கேட்கும் தரமும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சிங்கம் கிடையாது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டமும் ஊர்ப்பேரைப் பொய்யாகப் போட்டு விற்பதைத் தடுக்கிறது.

இது நல்ல சட்டம். வேறு நாட்டுத் தூளைக் கலந்து 'சிலோன் டீ' என்று விற்பவன் திருடன்தான். ஆனால் அந்தப் பேர் யார் சம்பாதித்த பேர்? அட்டைக் கடியிலும் மழையிலும் இரண்டு இலையும் ஒரு குருத்துமாகப் பார்த்துக் கிள்ளிய கைகள் சம்பாதித்த பேர் அது.

அந்தக் கைகளுக்கு என்ன நீதி? கேட்ட கிலோ ஒன்று குறைந்தாலும் செக்ரோலில் அரைப்பேர். தராசில் ஈரம், கூடை என்று கழிவு. கழித்த கொழுந்தும் தூளாகித்தான் விலைபோகிறது. அதற்கு நமக்குக் காசில்லை. சேமலாப நிதிக்கு நம் சம்பளத்தில் 8 வீதம் மாதந்தோறும் பிடிக்கிறார்கள். அதோடு தங்கள் 12 வீதத்தைச் சேர்த்துக் கட்டுவது சட்டம். பிடித்ததையே கட்டாத நிர்வாகத்தைத் திருடன் என்று சொல்ல ஏன் தயங்க வேண்டும்?

2021 மார்ச்சில் 1000 ரூபா நாட்சம்பளம் வர்த்தமானியில் வந்ததும் கம்பனிகள் நீதிமன்றப் படியேறின. பேரைக் காக்கச் சட்டம் வேண்டும். சம்பளம் கொடுக்கச் சொல்லும் சட்டம் மட்டும் கசக்கிறதா?

பேர் காப்பாற்றப்பட்டால் நம் பிழைப்பு தானாக உயரும் என்பார்கள். டார்ஜிலிங்கைப் பாருங்கள். இந்தியாவில் முதன்முதலாகப் புவியியல் குறியீடு பெற்றது அந்தத் தேயிலைதான், 2004இல். ஆனால் அந்த மலைகள் இருக்கும் மேற்கு வங்காளத்தில் 2023இலும் தோட்டத் தொழிலாளியின் நாட்கூலி 250 இந்திய ரூபாதான். பேர் உலகம் சுற்றியது. கூலி லயத்தைத் தாண்டவில்லை.

ஆகவே நம் கோரிக்கை இது: சேமலாப நிதி பாக்கி வைத்த தோட்டத்தின் தேயிலைக்குச் சிங்கம் கிடையாது என்று சிங்கக் குறியின் நிபந்தனைகளில் எழுதுங்கள். ஏலத்துக்குப் போன பிறகு எந்தத் தோட்டத் தூள் என்று எப்படிப் பிரிப்பது என்பார்கள். கொழும்பு ஏலத்தில் ஒவ்வொரு தூளும் தோட்டத்துப் பேரோடுதானே விற்கப்படுகிறது! விலை கேட்கத் தெரிந்த பேர், பாக்கி கேட்கும்போது மறந்துபோகுமா?

தோழர்களே, சம்பளச் சீட்டை எறியாதீர்கள். நிறுத்த கிலோவை அன்றன்றே கொப்பியில் எழுதுங்கள். சேமலாப நிதிக் கணக்கைத் தொழில் திணைக்களத்தில் கேட்டுப் பாருங்கள். குறை இருந்தால் தோட்டத் தலைவரிடம் கொண்டு வாருங்கள்.

சிலோன் டீயின் பேரைக் காப்போம். அதோடு, நமக்குரிய முழுப்பேரையும் வாங்குவோம்!