சால் தப்பிய ஏர்

என் தமையனார் 40 ஆண்டு கணிதம் கற்பித்தவர். முதுமையிலே அவருக்கு இருதய சத்திரசிகிச்சை நிகழ்ந்தது. மூன்றாம் நாளிரவு, அதிதீவிர சிகிச்சைப் பிரிவிலே, அவர் என்னை நோக்கி, "தம்பி, கப்பல் தாழுது, பிள்ளையளை இறக்கு" என்றார், கையில் ஏற்றியிருந்த குழாயையும் பிடுங்க முயன்றார்.

உடனிருந்த உறவினர் ஒருவர், "பைத்தியம் பிடித்துவிட்டது" என்றார். நான் நாணினேன். மறுநாள் வந்தோரையெல்லாம் வாயிலிலேயே திருப்பியனுப்பினேன். தமையனாரின் மானத்தைக் காப்பதாக எண்ணினேன். காத்தது என் மானத்தையே.

பைத்தியம் வேறு, இது வேறு. வைத்தியர் இதனை 'டெலீரியம்' என்பர். அஃது இலத்தீன் மூலத்தது. ஏர் உழவுசாலை விட்டு விலகுதல் என்பது அதன் அடிப்பொருள். உழவன் மகனாகிய எனக்கு அச்சொல்லே போதிய விளக்கமாயிற்று. ஏர் முறியவில்லை; சால் தப்பியது. 'பைத்தியம்' என்னுஞ் சொல்லோ ஏரே முறிந்தது என்கின்றது. சொல் பிழைத்தால் செயலும் பிழைக்கும். நான் பிழைத்தது அவ்வாறே.

முதுமை, மருந்துகள், நோவு, கிருமித்தொற்று, உறக்கமின்மை, இரவையும் பகலாக்கும் விளக்கொளி முதலியன இம்மயக்கத்துக்கு ஏதுக்கள். இது திடீரெனத் தோன்றும். ஒருநாளுக்குள்ளேயே ஏறும், இறங்கும். பெரும்பாலும் தணிந்துவிடும். ஆயினும் சிலர்க்கு நினைவுத் தளர்ச்சி நெடுநாள் நீடிப்பதுமுண்டு. ஆதலின் அற்பமென்று விடலாகாது. பிதற்றுவோர்க்கே இது வருமென்பதுமில்லை. பேசாது சோர்ந்து கிடப்போரும் இதற்கு ஆளாகியிருத்தல் கூடும். அவரை நாம் 'அமைதியாயிருக்கிறார்' என்று சொல்லி வாளாவிருந்துவிடுகிறோம்.

அமெரிக்காவின் நியூ ஹேவன் நகர வைத்தியசாலையொன்றிலே செய்த ஆய்வு 1999இல் வெளிவந்தது. அதிலே 70 வயதும் அதற்கு மேலுமான 852 பேர் இடம்பெற்றனர். அவர்கள் பொது மருத்துவ விடுதி நோயாளர். எனினும் பாடம் நமக்கும் உரியது. ஒரு சாரார்க்கு நாளும் இடமும் நினைவூட்டினர், நடக்கச் செய்தனர், மூக்குக்கண்ணாடியும் செவிக்கருவியும் அணிவித்தனர், நீர் அருந்துவித்தனர், உறக்கத்தைப் பேணினர். வழமையான பராமரிப்புப் பெற்றோருள் நூற்றுக்கு 15 பேர் மயக்கமுற்றனர்; இவருள் 9.9 பேரே. வந்த மயக்கத்தின் கடுமையை இம்முறை குறைத்திலது, வருமுன் காத்தது.

இவற்றுட் பல பணம் வேண்டாதவை, உற்றார் செய்யத்தக்கவை. தமையனாரின் மூக்குக்கண்ணாடியோ அந்நாட்களில் 'பத்திரமாக' என் பையிலே கிடந்தது!

ஆதலின் உற்றார்க்கு ஒன்று சொல்வேன். நோயாளி மாறாகப் பேசினாலும், வழமைக்கு மாறாக அடங்கினாலும், மறையாது தாதியரிடமும் வைத்தியரிடமும் உடனே கூறுங்கள். அவர்கள் இசைந்தால் அருகிருங்கள். நாளையும் இடத்தையும் உங்கள் பெயரையும் மெல்லச் சொல்லுங்கள். நகையாதீர், நாணாதீர்.

தமையனார் ஐந்தாம் நாள் தெளிந்தார். கப்பலை அவர் மறந்துவிட்டார். ஒன்றை மட்டும் மறந்திலர். வீடு வந்தபின் கேட்டார்: "ஏன் தம்பி, என்னைப் பார்க்க ஒருத்தரும் வரேல்லையோ?"

அன்று நான் விடை கூறவில்லை. இக்கட்டுரையை அவரும் வாசிப்பார்.