இடித்தது ஒருவர், போனஸ் போவது இன்னொருவருக்கு

தெருவோரம் நிறுத்தி வைத்த காரை வேறொரு வண்டி வந்து இடித்தால், காருக்குச் சொந்தக்காரர் செய்த தப்பு என்ன? ஒன்றுமில்லை. ஆனாலும் அவர் கிளைம் போட்டால், அடுத்த முறை பாலிசியைப் புதுப்பிக்கும்போது கிளைம் போடாததற்காக அவருக்குக் கிடைத்துவந்த பிரீமியம் தள்ளுபடி, அதாவது நோ கிளைம் போனஸ், பூஜ்யத்துக்கு வந்துவிடும். வேளச்சேரி பக்கம் ஒரு கார் ஒர்க்‌ஷாப்பில் இன்சூரன்ஸ் மேசையைப் பார்த்துக்கொள்பவள் நான். இந்த விதியை வாடிக்கையாளருக்கு விளக்கிச் சொல்வது என் அன்றாட வேலை. எத்தனை பேருக்குச் சொன்னாலும் இது நியாயம் என்று என்னால் சொல்ல முடிந்ததில்லை.

அண்மையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வந்தார். அவர் வீட்டு வாசலில் தண்ணீர் கேன் இறக்கிவிட்டு ரிவர்ஸ் எடுத்த குட்டியானை, அவருடைய காரின் பின் பம்பரைப் பிளந்துவிட்டது. டிக்கி கதவிலும் ஒரு பள்ளம். “உங்களுக்குத்தான் ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கே சார், அதுல போட்டுக்குங்க” என்று ஓட்டுநர் 500 ரூபாயைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

எஸ்டிமேட் போட்டேன். பம்பர் 4,800, டிங்கரிங் உள்ளிட்ட கூலி 3,200, பெயின்ட் 1,000. மொத்தம் 9,000. “கிளைம் போட்டுடலாமாம்மா?” என்றார். “உட்காருங்க சார், ஒரு கணக்குப் பார்த்துடலாம்” என்றேன்.

பம்பர் பிளாஸ்டிக் என்பதால் தேய்மானம் என்று பாதி விலையைக் கழிப்பார்கள். பெயின்ட் பொருளிலும் பாதி போகும். 1500 சிசி வரையுள்ள கார் என்றால் கட்டாயப் பிடித்தம் 1,000. கடைசியில் கம்பெனி தருவது 5,100. தேய்மானம் கழிக்காத ‘பம்பர் டு பம்பர்’ காப்பீடு எடுத்திருந்தால் 8,000 வரை வந்திருக்கும், அவர் எடுக்கவில்லை. இனி மறுபக்கம். அவர் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் கிளைமே போடாதவர், 50 சதவீத போனஸ் வைத்திருக்கிறார். சொந்தச் சேதத்துக்கான பிரீமியம் 12,000 என்றால் அவர் கட்டுவது 6,000. கிளைம் போட்டால் அடுத்த ஆண்டு முழுத் தொகையையும் கட்ட வேண்டும். பிறகு 20, 25, 35, 45 என்று ஒவ்வொரு படியாக ஏறி மறுபடி 50-ஐத் தொட வேண்டும். அடிப்படை பிரீமியம் மாறாது என்று வைத்துக்கொண்டாலும், அந்த ஐந்து புதுப்பித்தல்களில் அவர் கூடுதலாகக் கட்டுவது 15,000 ரூபாய். அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி வேறு. 5,100 வாங்க 15,000 இழப்பது. அவர் பர்ஸைத் திறந்து 9,000-ஐ எண்ணி வைத்தார். “அப்புறம் எதுக்கும்மா வருஷா வருஷம் கட்டுறேன்?” என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியாமல் ரசீதை எழுதிக் கொடுத்தேன்.

தானே தூணில் இடித்துக்கொண்டவர் போனஸை இழப்பதில் எனக்கு வருத்தமில்லை. சின்னச் சின்னக் கீறலுக்கெல்லாம் கிளைம் போட்டால் எல்லோருடைய பிரீமியமும் ஏறும். அதைத் தடுக்க ஒரு கட்டுப்பாடு வேண்டும்தான். ஆனால் யார் தப்பு என்ற கேள்வியையே கேட்காத கட்டுப்பாடு எப்படி நியாயமாகும்?

அந்தக் குட்டியானைக்கும் இன்சூரன்ஸ் உண்டு. மூன்றாம் நபர் காப்பீடு இல்லாமல் எந்த வண்டியும் சாலையில் ஓடக் கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டம். 2022-இல் ஒன்றிய அரசு நிர்ணயித்த கட்டணப்படி 7,500 கிலோ வரையுள்ள சரக்கு வண்டிக்கு இதற்கு மட்டும் ஆண்டுக்கு 16,049 ரூபாய். 1000 முதல் 1500 சிசி வரையுள்ள காருக்கு 3,416. அடுத்தவர் உயிருக்கும் உடலுக்கும் மட்டுமல்ல, உடைமைக்கும் ஏற்படும் சேதத்துக்கான காப்பீடு இது. வழக்கமான பாலிசியில் உடைமைச் சேதத்துக்கு ஏழரை லட்சம் வரை வரம்பு உண்டு. ஆசிரியரின் 9,000 அந்தப் பாலிசியிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். அதைக் கேட்டுப் பெற வேண்டுமானால் போலீஸில் புகார் கொடுத்து, மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். சென்னையில் அது உயர் நீதிமன்ற வளாகத்திலுள்ள சிறு வழக்குகள் நீதிமன்றம். கணவனைச் சாலையில் பறிகொடுத்த பெண்கள் இழப்பீட்டுக்காகக் காத்திருக்கும் இடம் அது. ஒரு பம்பருக்காக அங்கே யார் போய் நிற்பார்கள்? போகவும் கூடாது. ஆகவே எல்லோரும் சொந்த பாலிசியில் கை வைக்கிறார்கள், இல்லையென்றால் சொந்தப் பணத்தில்.

வெள்ளத்தில் இது இன்னும் கொடுமை. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் எங்கள் பகுதியில் கார்கள் மூழ்கின. அப்படி வரும் காரின் கதவைத் திறந்தால் சீட் உயரத்துக்குச் சேற்றுக் கோடு தெரியும். டிப்ஸ்டிக்கை உருவினால் ஆயில் பால் காபி நிறத்தில் வரும். தண்ணீர் புகுந்த காரை ஸ்டார்ட் செய்து பார்த்திருந்தால் இன்ஜின் ஜாம் ஆகியிருக்கும். இன்ஜின் ப்ரொடெக்ட் என்ற தனிக் காப்பீடு இல்லாதவருக்கு அந்தச் செலவில் பெரும்பகுதி கிடைக்காது. வெள்ளம் வடிந்ததும் சாவியைத் தொடாதீர்கள், டோ செய்து கொண்டுவாருங்கள் என்று நான் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்வது அதனால்தான். மழை அறிவிப்பு வந்ததுமே வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் காரை நிறுத்துகிற மக்களைப் பொறுப்பில்லாதவர்கள் என்று யாரால் சொல்ல முடியும்? அங்கே இடம் கிடைக்காமல் வாசலிலேயே காரை விட்டவர் ஏரித் தண்ணீருக்கு என்ன செய்வார்? அவருடைய போனஸும் பூஜ்யம்.

இதற்கு மருந்தாக ‘என்சிபி ப்ரொடெக்ட்’ என்று ஒன்றை விற்கிறார்கள். கூடுதல் பிரீமியம் கட்டினால், கிளைம் போட்டாலும் போனஸ் போகாது. வேண்டுபவர் எடுத்துக்கொள்ளட்டும், நானும் பரிந்துரைக்கிறேன். ஆனால் தப்பு செய்யாதவர் தன் போனஸைக் காப்பாற்றிக்கொள்ள ஏன் காசு கொடுக்க வேண்டும்?

வேறு நாடுகளில் இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். ஜெர்மனியில் புயல், வெள்ளம், கண்ணாடி உடைதல் போன்றவற்றுக்கான பகுதிக் காப்பீட்டில் கிளைம் போட்டால் ஓட்டுநரின் போனஸ் படி இறங்குவதில்லை. பிரிட்டனில் இடித்தவரின் கம்பெனியிடமிருந்து முழுச் செலவும் வசூலாகிவிட்டால் பொதுவாகப் போனஸ் தப்பிக்கிறது. தப்பு தன்னுடையதாக இருந்தாலும், நெடுநாள் கிளைம் போடாதவர் ஒரே அடியில் பூஜ்யத்துக்குப் போவதில்லை, சில படிகள்தான் இறங்குகிறார். நாம் 2002-ஆம் ஆண்டின் மோட்டார் டாரிஃப் வகுத்த அட்டவணையையே இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறோம். சொந்தச் சேத பிரீமியத்தைக் கம்பெனிகளே நிர்ணயிக்கலாம் என்று 2007-இல் விட்ட பிறகும் இந்த அட்டவணை மட்டும் மாறவில்லை.

நான் கேட்பது மூன்று. வெள்ளம், புயல், மரம் விழுதல் ஆகியவற்றுக்கான கிளைம் போனஸைத் தொடக் கூடாது. சொந்தத் தப்பால் வரும் கிளைமுக்கும் ஒரேயடியாகப் பூஜ்யமாக்காமல் படிப்படியாக இறக்க வேண்டும். அடுத்தவர் இடித்த சிறு சேதத்தை, ஒரு தொகை வரம்புக்குள், தீர்ப்பாயத்துக்குப் போகாமலேயே இடித்த வண்டியின் கம்பெனி தர வேண்டும். எந்த வண்டிக்கு எந்தக் கம்பெனியில் இன்சூரன்ஸ் என்பது வண்டி எண்ணைத் தட்டினால் வாகன் தளத்திலேயே தெரிகிறது. சர்வேயர் எப்படியும் வந்து போட்டோ எடுக்கிறார். நின்ற காரை இடித்ததா, ஓடிய கார் போய் இடித்ததா என்பது அவருக்குப் பார்த்ததும் புரியும். மூன்றாவது கோரிக்கைக்குச் சட்டத்தில் கை வைக்க வேண்டியிருக்கலாம். முதல் இரண்டுக்கும் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் மனசு வைத்தால் போதும். அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே செய்துவிடலாம்.