குப்பைக்குப் போவது சாலைக்குப் போகட்டும்

பிளாஸ்டிக் என்றாலே அதிகாரிகளின் பார்வை முதலில் நம் கடைகள் மீதுதான் விழுகிறது. 2019 ஜனவரி 1 முதல் தமிழக அரசு பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை விதித்தபின், சோதனை, பறிமுதல், அபராதம் எல்லாம் மளிகைக் கடைக்காரர் தலையில்தான். சட்டத்தை மதிக்கிறோம், மஞ்சப்பையை வரவேற்கிறோம். ஆனால் பிஸ்கட் உறை, ஷாம்பு பாக்கெட், சர்க்கரை மூட்டையின் உள்பை ஆகியவை நம்மிடம் வந்து சேர்ந்துகொண்டேதான் இருக்கின்றன. இவற்றை நாம் தயாரிக்கவில்லை. பழியை மட்டும் சுமக்கிறோம்.

இதற்கு ஒரு வழி நம் மதுரையிலேயே பிறந்தது. திருப்பரங்குன்றம் தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ஆர். வாசுதேவன், கழிவு பிளாஸ்டிக்கைக் கொண்டு 2002இல் கல்லூரி வளாகத்திலேயே சாலை போட்டுக் காட்டினார். 2006இல் கல்லூரிக்குக் காப்புரிமை கிடைத்தது. 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

முறை எளிது. ஜல்லியைச் சுமார் 170 டிகிரிக்குச் சூடாக்கி, பொடியாக நறுக்கிய பிளாஸ்டிக்கைத் தூவுகிறார்கள். அது உருகி ஜல்லியின் மேல் மெல்லிய பூச்சாகப் படிகிறது. அதன் பிறகே தார் சேர்க்கிறார்கள். பூச்சு ஏறிய கல்லைத் தார் இறுகப் பிடித்துக்கொள்கிறது. மழைநீர் எளிதில் உள்ளே புகுவதில்லை. ஒரு வழிச் சாலையில் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 1 டன் பிளாஸ்டிக் போகிறது. அந்த அளவுக்குத் தாரும் மிச்சம்.

ஒன்றை மறக்கக் கூடாது. பி.வி.சி. இதற்கு ஆகாது, சூடேறினால் நச்சு வாயு வரும். மண்ணும் எண்ணெயும் கலந்த குப்பையும் பயன்படாது. ஆகவே, தரம் பிரிக்கும் வேலை கடையிலேயே தொடங்க வேண்டும். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு சாக்கைக் கட்டித் தொங்கவிட நமக்கு என்ன செலவு?

நாம் பிரித்துத் தருகிறோம். கீழமாசி வீதி முதல் மேலூர், திருமங்கலம் கடைவீதிகள் வரை வாரம் ஒரு நாள் வந்து எடுத்துச் செல்ல மாநகராட்சியும் நகராட்சிகளும் ஏற்பாடு செய்யட்டும். உறை தயாரிக்கும் பெரிய கம்பெனிகளுக்கும் பொறுப்பு உண்டு என்று 2016ஆம் ஆண்டு விதிகளே சொல்கின்றன. சேகரிப்புச் செலவை அவர்கள் ஏற்கட்டும்.

அபராத ரசீதுடன் நம் கடைப்படி ஏறுபவர்கள், இனி எடைத் தராசுடனும் வரட்டும். நம் ஊர் கண்டுபிடிப்பு நம் ஊர் கடைவீதிக்கு முதலில் பயன்பட வேண்டும் என்பதே நமது கோரிக்கை.