மார்ச் 31-இல் நின்றுபோகும் ஆய்வகங்கள்

நம் அறிவியல் கொள்கையின் நிலையை அறிய, ஏப்ரல் மாதத்தில் ஏதேனும் ஒரு மாநிலப் பல்கலைக்கழக ஆய்வகத்துக்குள் போய்ப் பார்க்க வேண்டும். மார்ச் 31-க்குள் செலவாகாத மத்திய அரசின் திட்டப் பணம் காலாவதியாகியிருக்கும். அடுத்த தவணை வர வேண்டுமென்றால் செலவுக் கணக்கும் பயன்பாட்டுச் சான்றிதழும் டெல்லிக்குப் போய்ச் சேர வேண்டும். கோப்பு மேசை மேசையாக நகர்வதற்குள் மாதங்கள் ஓடிவிடும். இன்குபேட்டரில் வளரும் செல்கள் அதுவரை காத்திருக்குமா? சில நாளுக்கு ஒருமுறை ஊட்டக் கரைசலை மாற்றாவிட்டால் அவை செத்துப்போகும். ஓராண்டு உழைப்பும் அவற்றோடு போகும்.

அதைவிடக் கொடுமை, அதே தவணையில் சிக்கிக்கொள்ளும் ஆய்வாளர் உதவித்தொகை. இளநிலை ஆய்வாளருக்கான தொகையை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாயாக உயர்த்தினார்கள். நல்ல முடிவு. ஆனால் மாதாமாதம் வராத பணத்தை நம்பி விடுதிக் கட்டணம் கட்ட முடியாது, ஊருக்கும் அனுப்ப முடியாது. இதில் முதலில் விலகுபவர்கள் முதல் தலைமுறைப் பட்டதாரிகள். கைமாற்றுக் கேட்கக்கூட ஆளில்லாத வீட்டுப் பிள்ளைகள். அப்படிப் பாதியில் போன மாணவிகளை எனக்குத் தெரியும். யாரும் திறமையில் குறைந்தவர்கள் அல்லர்.

இந்தியா ஆராய்ச்சிக்குச் செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம். தென் கொரியா ஏறத்தாழ 5 சதவீதம் செலவிடுகிறது. இந்தக் குறையைப் போக்கத்தான் 2023-இல் சட்டம் இயற்றி, அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையை நிறுவினார்கள். ஐந்தாண்டுகளில் 50,000 கோடி ரூபாய் என்றார்கள். அதில் அரசின் பங்கு 14,000 கோடிதான். மீதி தொழில் நிறுவனங்கள், பொதுத்துறை, நன்கொடையாளர்களிடமிருந்து வர வேண்டும். நாட்டின் ஆராய்ச்சிச் செலவில் நம் தனியார் துறையின் பங்கு மூன்றில் ஒன்றைச் சற்றே தாண்டுகிறது. தென் கொரியாவில் அது நான்கில் மூன்று பங்குக்கும் மேல். சொந்த ஆய்வுக்கே கை சுருக்கும் நிறுவனங்கள் பல்கலைக்கழகங்களுக்கு அள்ளித் தரும் என்று எதை வைத்துக் கணக்குப் போட்டார்கள்?

2025-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த ஒரு லட்சம் கோடி ரூபாய் ஆராய்ச்சி, மேம்பாடு, புத்தாக்க நிதியும் தேவையானதே. ஆனால் அது பெரும்பாலும் தனியார் துறைக்கான நீண்டகால, குறைந்த வட்டிக் கடன். செயல்படும் என்று ஆய்வகத்தில் ஓரளவு நிரூபணமான தொழில்நுட்பங்களுக்கானது. அடிப்படை ஆய்வு செய்யும் ஒரு தாவரவியல் துறைக்கு அதிலிருந்து ஒரு காசும் வராது.

மாநில அரசும் தப்பிக்க முடியாது. உயிரியல் ஆய்வுக்குப் பெயர்பெற்ற மதுரை காமராசர் பல்கலைக்கழகம் சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் திணறியதைப் பார்த்தோம். மாதச் சம்பளமே நிச்சயமில்லாத இடத்தில் யார் ஐந்தாண்டு ஆய்வைத் திட்டமிடுவார்கள்?

விதிகளை மாற்ற முடியாது என்ற பேச்சை நான் ஏற்க மாட்டேன். 2025 ஜூனில், மத்திய அறிவியல் துறைகளின் நிறுவனங்கள் விலைப்புள்ளி கேட்காமல் கருவி வாங்கும் வரம்பு 1 லட்சத்திலிருந்து 2 லட்சம் ரூபாயாக உயர்ந்தது. ஓர் ஆணையில் முடிந்த காரியம். அனுசந்தான் அறக்கட்டளைக்குச் சட்டப்படியே தனி நிதியம் இருக்கிறது. திட்டம் ஒப்புதலான அன்றே, ஆய்வாளரின் முழுக்கால உதவித்தொகையை அந்த நிதியத்தில் ஒதுக்கி, மாதத்தின் முதல் நாளில் அவர் வங்கிக் கணக்கிலேயே போடட்டும். கருவி வாங்கத் தாமதமானாலும், பேராசிரியர் சான்றிதழ் அனுப்பத் தாமதமானாலும், அந்தப் பணம் மட்டும் நிற்கக் கூடாது. இதை வரும் ஏப்ரலிலேயே தொடங்கலாம்.

— கட்டுரையாளர், ஓய்வுபெற்ற உயிர்வேதியியல் பேராசிரியர்