கரையில் நின்றுவிடும் அதிகாரம்

மூணாறை அடுத்த பெட்டிமுடியில் 2020-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6-ஆம் தேதி இரவு மலை சரிந்து, தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லயங்களை மண்ணுக்குள் புதைத்தது. 70 உயிர்கள் பலியாயின. அவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். மின்சாரமும் தொலைத்தொடர்பும் துண்டிக்கப்பட்டிருந்ததால் செய்தி வெளியுலகை எட்டுவதற்கே பொழுது விடிந்துவிட்டது. பெரியவரைப் பாலம் சேதமடைந்ததால் மீட்புக் குழுவினர் சென்று சேர்வதும் தாமதமாயிற்று.

இத்தனை குறைகளுக்கு இடையிலும் ஒரு விஷயத்தில் குழப்பம் இல்லை. 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி, மாவட்டத்தில் பொறுப்பு ஆட்சியருடையது. தேசியப் பேரிடர் மீட்புப் படையை எங்கே இறக்க வேண்டும், எந்தத் துறையின் இயந்திரங்களை வரவழைக்க வேண்டும் என்று கூறும் அதிகாரம் அந்தச் சட்டத்தின் வழியே கிடைக்கிறது. நிலச்சரிவு, மத்திய அரசு அறிவித்துள்ள பேரிடர்கள் பட்டியலில் இடம்பெற்றிருப்பதால் நிவாரண நிதியின் கதவும் உடனே திறந்துவிடுகிறது.

இதே கேரளத்தின் மலையிலிருந்து இறங்கிக் கடலுக்குச் சென்றால் நிலைமை வேறு. அங்கே ஒரு கப்பல் மூழ்கி எண்ணெய் கசிந்தால் பொறுப்பு யாருடையது என்ற கேள்விக்கு ஒரு விடை கிடைப்பதில்லை. ஐந்தாறு விடைகள் கிடைக்கின்றன. 2025-ஆம் ஆண்டு மே மாதம் மூழ்கிய "எம்.எஸ்.சி. எல்சா 3" கப்பல் இதை நாட்டுக்கு உணர்த்தியது.

மூழ்கிய கப்பல்

லைபீரியக் கொடியுடன் விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குப் புறப்பட்ட அந்தச் சரக்குக் கப்பல், மே 24-ஆம் தேதி கொச்சிக்குத் தென்மேற்கே சுமார் 38 கடல் மைல் தொலைவில் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மறுநாள் மூழ்கியது. கப்பலில் இருந்த 24 பேரும் உயிருடன் மீட்கப்பட்டனர். அவர்களில் 21 பேரைக் கடலோரக் காவல் படையும் 3 பேரைக் கடற்படையின் "சுஜாதா" கப்பலும் மீட்டன. உயிர்காக்கும் பணியில் குறை காண ஏதுமில்லை.

அந்தக் கப்பலில் 640 பெட்டகங்கள் இருந்தன. அவற்றில் 13 பெட்டகங்களில் ஆபத்தான சரக்கும் 12 பெட்டகங்களில் கால்சியம் கார்பைடும் இருந்ததாக அரசு தெரிவித்தது. எரிபொருள் தொட்டிகளில் 367 டன் ஃபர்னஸ் ஆயிலும் 84 டன் டீசலும் இருந்தன. சில நாள்களுக்குள் கொல்லம், ஆலப்புழை கடற்கரைகளில் பெட்டகங்கள் ஒதுங்கின. பிளாஸ்டிக் குருணைகள் திருவனந்தபுரத்தைத் தாண்டிக் கன்னியாகுமரி மாவட்டக் கரையிலும் கொட்டிக் கிடந்தன. மாநில எல்லை கடலுக்குத் தெரியாது என்பதைத் தமிழக மீனவர்கள் நேரில் கண்டனர்.

அடுத்த இரு வாரங்களில், ஜூன் 9-ஆம் தேதி, கேரளத்தின் வட பகுதிக் கடலில் "வான் ஹாய் 503" என்ற மற்றொரு சரக்குக் கப்பல் தீப்பற்றியது. எனவே, முதல் விபத்தை எப்போதோ நடக்கும் விதிவிலக்கு என்று ஒதுக்கிவிட இயலாது.

தாளில் இருக்கும் திட்டம்

இத்தகைய விபத்துகளை எதிர்கொள்ள நாட்டிடம் திட்டமே இல்லை என்று கூறுவது சரியல்ல. கடலில் எண்ணெய்ப் படலத்தை அகற்றும் பொறுப்பு 1986-ஆம் ஆண்டிலேயே கடலோரக் காவல் படையிடம் ஒப்படைக்கப்பட்டது. 1996-ஆம் ஆண்டு தேசிய எண்ணெய்க் கசிவுப் பேரிடர்த் திட்டம் நடைமுறைக்கு வந்தது. 700 டன் வரையிலான கசிவு முதல் நிலை; 700 முதல் 10 ஆயிரம் டன் வரை இரண்டாம் நிலை; அதற்கு மேற்பட்டது மூன்றாம் நிலை என்று அது வகுத்துள்ளது. கடலோரக் காவல் படையிடம் இதற்கென்றே கட்டப்பட்ட சிறப்புக் கப்பல்கள் உள்ளன. 2025 அக்டோபரில் சென்னைக் கடலில் தேசிய அளவிலான ஒத்திகையும் நடைபெற்றது.

சிக்கல் பொறுப்புகளைப் பங்கிட்ட விதத்தில் இருக்கிறது. துறைமுக எல்லைக்குள் கசிந்தால் துறைமுக நிர்வாகம்; எண்ணெய்க் கிணறுகளையும் முனையங்களையும் சுற்றி அந்தந்த எண்ணெய் நிறுவனம்; ஆழ்கடலில் கடலோரக் காவல் படை; கரையைத் தொட்டுவிட்டால் மாநில அரசு. இதற்கு மேல், கப்பல் நிறுவனத்துக்கு உத்தரவிடும் அதிகாரம் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரிடம் இருக்கிறது. அவர் துறைமுக அமைச்சகத்தின் கீழ் வருபவர். கடலோரக் காவல் படையோ பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் இயங்குகிறது. மாசு பற்றி ஆராய்வது சுற்றுச்சூழல் அமைச்சகம். மீனவர் நலனுக்கு மீன்வளத் துறை. 12 கடல் மைலுக்குள் மீன்பிடிப்பு மாநில அரசின் அதிகாரம். அதற்கு அப்பால் மத்திய அரசின் அதிகாரம்.

"எல்சா 3" கிடப்பது அந்த 12 கடல் மைலுக்குச் சற்றே வெளியில். கப்பலில் எஞ்சிய எண்ணெயை வெளியேற்றும் வேலை முதலில் குறிக்கப்பட்ட கெடுவுக்குள் முடியவில்லை. மீட்புப் பணிக்குக் கப்பல் நிறுவனம் அமர்த்திய ஒப்பந்ததாரர் விலக, வேறு நிறுவனத்தைத் தேட நேர்ந்தது. கப்பலில் இருந்த சரக்கின் விவரங்களை மக்கள் பார்வைக்கு வைக்குமாறு கேரள உயர் நீதிமன்றம் கூற வேண்டிவந்தது. மீன் வாங்கிச் சாப்பிடலாமா என்று கரையோர மக்கள் கேட்டபோது, உறுதியான பதிலைத் தரக்கூடிய ஒற்றை அலுவலகம் எதுவும் இருக்கவில்லை.

எண்ணூர் தந்த பாடம்

தமிழகத்துக்கு இது புதிய அனுபவம் அல்ல. 2017-ஆம் ஆண்டு ஜனவரி 28-ஆம் தேதி அதிகாலையில் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரு கப்பல்கள் மோதிக்கொண்டன. எண்ணெயால் சுற்றுச்சூழலுக்குப் பாதிப்பு இல்லை என்றே துறைமுகத்தின் முதல் அறிவிப்பு கூறியது. அதற்குள் எர்ணாவூர் கரையில் கறுப்புக் குழம்பு திரண்டுவிட்டது. கசிந்த அளவு குறித்து முதலில் கூறப்பட்டதற்கும் பிறகு ஒப்புக்கொள்ளப்பட்டதற்கும் பெரும் இடைவெளி இருந்தது.

கழிவுநீர் உறிஞ்சும் ஊர்திகளால் அந்தக் குழம்பைச் சமாளிக்க முடியவில்லை. முடிவில் மாணவர்களும் மீனவர்களும் தொழிலாளர்களும் பிளாஸ்டிக் வாளிகளால் அள்ளினர். விண்வெளிக்குக் கலம் அனுப்பும் நாட்டில் வாளியால் எண்ணெய் அள்ளப்படும் காட்சியை உலகம் பார்த்தது. கடலோரக் காவல் படையிடம் கருவிகள் இல்லாமல் இல்லை. அவை கடலுக்கான கருவிகள். பாறைகள் கொட்டப்பட்ட கரையில் எந்தத் துறை, எந்தக் கருவியுடன் இறங்க வேண்டும் என்பது முன்கூட்டியே முடிவு செய்யப்படவில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைப் பகுதியிலிருந்து வெளியேறிய எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தை அடைந்தபோதும் அதே காட்சி மீண்டும் அரங்கேறியது. படகுகளில் சென்று எண்ணெய் அள்ளியவர்கள் மீனவர்களே. ஏழு ஆண்டுகளில் மாறியது ஆண்டின் எண் மட்டுமே.

பட்டியலில் இல்லாத பேரிடர்

அடுத்த கேள்வி பணம் பற்றியது. புயல், வெள்ளம், நிலநடுக்கம், நிலச்சரிவு முதலியவை மத்திய அரசு அறிவித்த பேரிடர்கள். எண்ணெய்க் கசிவு அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவேதான் 2025 மே 29-ஆம் தேதி கேரள அரசு "எல்சா 3" விபத்தை மாநிலத்தின் சிறப்புப் பேரிடர் என்று தனியே அறிவித்தது. அப்படி அறிவித்தாலும் மாநிலப் பேரிடர் நிதியில் 10 சதவீதம் வரைதான் அத்தகைய செலவுகளுக்குப் பயன்படுத்த விதி அனுமதிக்கிறது.

கப்பல் கிடந்த இடத்தைச் சுற்றி மீன்பிடிக்கத் தடை. சந்தையில் மீனுக்கு விலை இல்லை. பாதிக்கப்பட்ட மீனவக் குடும்பத்துக்கு முதலில் கிடைத்த உதவி ஆயிரம் ரூபாயும் 6 கிலோ அரிசியும். கேரள அரசு கப்பல் நிறுவனத்திடம் உயர் நீதிமன்றத்தில் கேட்ட இழப்பீடோ 9,531 கோடி ரூபாய். அதே நிறுவனக் குழுமத்தின் வேறொரு கப்பலை விழிஞ்ஞத்தில் சிறைப்பிடிக்க நீதிமன்றம் ஆணையிட்டது. 2025 செப்டம்பரில் 1,227 கோடி ரூபாய்க்கு மேல் பிணைத்தொகை கட்டுமாறு கூறியது. 2017-ஆம் ஆண்டின் கடல்சார் வழக்குகள் சட்டம் இதற்கு வழிசெய்தது என்பது பாராட்டத்தக்கது. ஆனால் வழக்கு முடிந்து பணம் வரும்வரை மீனவர் வீட்டு அடுப்பு காத்திருக்காது.

முந்தைய அனுபவமும் இதையே காட்டுகிறது. 2011 ஆகஸ்டில் மும்பைக் கடலில் மூழ்கிய "ராக் கேரியர்" கப்பலின் உரிமையாளர்கள் 100 கோடி ரூபாய் செலுத்த வேண்டும் என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது 2016-இல். கொழும்புக் கடலில் 2021-ஆம் ஆண்டு எரிந்து மூழ்கிய "எக்ஸ்பிரஸ் பேர்ள்" வழக்கில் இலங்கை உச்ச நீதிமன்றம் 100 கோடி டாலர் இழப்பீடு விதித்தது 2025 ஜூலையில்.

எண்ணெய்க் கப்பல்களின் சரக்கு கசிந்தால் இழப்பீடு வழங்கச் சர்வதேச நிதியம் ஒன்று இருக்கிறது. சரக்குக் கப்பலின் எரிபொருள் கசிந்தால் அந்த இரண்டாம் கட்டப் பாதுகாப்பு இல்லை. கப்பலின் காப்பீட்டையே நம்ப வேண்டும். விழிஞ்ஞம் போன்ற துறைமுகங்களுக்குப் பெரும் சரக்குக் கப்பல்கள் வந்துபோகும் காலத்தில் இது சிறிய ஓட்டை அல்ல.

பிற நாடுகள் செய்தது

அமெரிக்காவில் 1989-இல் "எக்ஸான் வால்டெஸ்" கப்பல் விபத்துக்குப் பிறகு, மறு ஆண்டே எண்ணெய் மாசுச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. பீப்பாய்க்கு இவ்வளவு என்று எண்ணெய் மீது தீர்வை விதித்து ஒரு நிதியம் வலுப்படுத்தப்பட்டது. முதலில் துப்புரவு, பிறகு வசூல் என்பது அதன் நெறி. 2010-இல் மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய்க் கிணறு வெடித்தபோது, கடலோரக் காவல் படையின் அட்மிரல் தாட் ஆலன் தேசிய அளவில் ஒரே தளபதியாக நியமிக்கப்பட்டார். அங்கும் தவறுகள் நடந்தன. ஆனால் யாரைக் கேள்வி கேட்பது என்பதில் நாட்டுக்கு ஐயம் இருக்கவில்லை.

பிரிட்டன் இன்னும் ஒருபடி சென்றது. 1996-இல் "சீ எம்ப்ரஸ்" கப்பலிலிருந்து 72 ஆயிரம் டன் எண்ணெய் கசிந்தபோது ஆளுக்கொரு திசையில் முடிவெடுத்தது குறித்து டொனால்ட்சன் பிரபு ஆராய்ந்தார். அவரது பரிந்துரைப்படி, 1999-இல் அமைச்சரின் பிரதிநிதியாக ஒரே அதிகாரி நியமிக்கப்பட்டார். விபத்து நேரத்தில் அவர் எடுக்கும் முடிவில் அமைச்சர்கூடத் தலையிடுவதில்லை.

நாடாளுமன்றம் என்ன செய்தது?

2025 ஆகஸ்டில், அதாவது "எல்சா 3" மூழ்கி மூன்று மாதங்களுக்குள், புதிய வணிகக் கப்பல் போக்குவரத்து மசோதா இரு அவைகளிலும் நிறைவேறியது. 1958-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றான இது கடல் மாசு, கப்பல் சிதிலங்களை அகற்றுதல், காப்பீடு ஆகியவற்றையும் தொடுகிறது. கேரளக் கரையில் குருணை பொறுக்கிக்கொண்டிருந்தபோது நடந்த அந்த விவாதம், எண்ணெய்க் கசிவைப் பற்றிய ஆழமான விவாதமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் பிகார் வாக்காளர் பட்டியல் பிரச்சினையில் எதிர்க்கட்சிகள் எழுப்பிய முழக்கங்களுக்கு நடுவே மக்களவை அதை நிறைவேற்றி முடித்தது. அரசு அவசரம் காட்டியது. எதிர்க்கட்சிகளுக்கு வேறு கவலை இருந்தது. கடலோரத் தொகுதிகளின் உறுப்பினர்கள் இரு பக்கமும் இருந்தும் மீனவரின் கேள்வி அவையில் உரக்க ஒலிக்கவில்லை.

இனியும் காலம் கடந்துவிடவில்லை. கப்பல் சாய்ந்த நிமிடம் முதல் கரையில் கடைசி வாளி அள்ளப்படும்வரை ஆணையிடும் அதிகாரத்தைச் சட்டப்படி ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டும். அவர் கடலோரக் காவல் படையைச் சேர்ந்தவரா, வேறொருவரா என்பது பேசி முடிவெடுக்கக் கூடியதே. எண்ணெய்க் கசிவையும் ஆபத்தான சரக்குக் கசிவையும் பேரிடர்கள் பட்டியலில் சேர்க்க வேண்டும். துறைமுகங்களில் சிறு தீர்வை விதித்து, முதல் வாரத்திலேயே மீனவர்களுக்கு வழங்கக்கூடிய நிதியம் ஒன்றை ஏற்படுத்தி, பிறகு அதைக் கப்பல் நிறுவனத்திடம் வசூலித்துக்கொள்ளலாம். விபத்துக்குள்ளாகும் கப்பலின் சரக்குப் பட்டியலை 24 மணி நேரத்துக்குள் வெளியிடுவதைக் கட்டாயமாக்க வேண்டும்.

இதில் கூட்டாட்சிச் சிக்கல் எழும் என்பது உண்மை. கரை மீதான தன் அதிகாரத்தை மாநிலம் விட்டுக்கொடுக்கத் தயங்கும். செலவை ஏற்க மத்திய அரசு தயங்கும். அதற்காகவே மாநிலங்களவை இருக்கிறது; நிலைக்குழுக்கள் இருக்கின்றன.

பெட்டிமுடியில் பலியானவர்களின் குடும்பங்களுக்கு முதலில் 5 லட்சம் ரூபாயும், அடுத்த நாள் நடந்த கோழிக்கோடு விமான விபத்தில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு 10 லட்சம் ரூபாயும் அறிவிக்கப்பட்டபோது, உயிருக்கும் தரம் பிரிப்பதா என்ற கேள்வி எழுந்தது. மலையில் லயத்தில் வாழ்பவரும் கரையில் குடிசையில் வாழ்பவரும் அரசின் கண்ணில் கடைசியாகவே படுகிறார்கள். மலைக்காவது பொறுப்பாளர் யார் என்று சட்டம் கூறுகிறது. கடலுக்கு அதையும் கூறாமல் விட்டால், அடுத்த கப்பல் சாயும்போதும் மீனவர் கையில் இருக்கப்போவது அதே வாளிதான்.